டிராமிசு: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

முதல் தடவை நான் டிராமிசு செய்தபோது, மறுநாள் காலையில் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு மூலையில் காபி தேங்கி நின்றது. மேலே க்ரீம் நன்றாகத்தான் இருந்தது. ருசியிலும் பெரிய குறை இல்லை. ஆனால் கரண்டியை விட்டு எடுத்தால் துண்டாக வரவில்லை, கூழாகச் சரிந்தது. பிஸ்கட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நாலைந்து தடவை செய்து பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இந்த இனிப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் ஈரத்தால்தான். பிஸ்கட் அதிகம் ஊறினால் ஈரம், மஸ்கார்போனே என்ற கெட்டியான இத்தாலியச் சீஸில் தண்ணீர் நின்றால் ஈரம், முட்டைக் கலவை தளர்ந்திருந்தால் ஈரம். எந்த இடத்தில் எவ்வளவு ஈரம் சேர்கிறது என்று கவனித்துக்கொண்டே போனால் முதல் தடவையே நன்றாக வரும்.

டிராமிசுவின் அமைப்பு எளிது. காபியில் தோய்த்த பிஸ்கட் ஒரு வரிசை, அதன் மேல் மஸ்கார்போனே க்ரீம், மறுபடி பிஸ்கட், மறுபடி க்ரீம், உச்சியில் கசப்பான கோகோ தூள். கேக் மாதிரி சுடுவது கிடையாது. எல்லாம் ஃப்ரிட்ஜின் குளிரில் இறுகுவதுதான். அதனாலேயே ஒரு பொருளின் குறையை இன்னொரு பொருளால் மறைக்க வழியில்லை. காபி மட்டமாக இருந்தால் அது அப்படியே நாக்கில் தெரியும்.

எங்கிருந்து வந்தது

இத்தாலியின் வடகிழக்கில் வெனெட்டோ மாநிலம். அதில் வெனிஸுக்கு வடக்கே திரெவீசோ என்ற ஊர். அங்கே லெ பெக்கெரியே என்ற உணவகத்தை ஆதோ கம்பெயோல் நடத்திவந்தார். அவர் மனைவி ஆல்பாவும், அங்கே இனிப்பு செய்துவந்த ரொபெர்த்தோ லிங்குவனோத்தோவும் சேர்ந்து உருவாக்கிய இந்த இனிப்பு 1972-இல் மெனுவில் ஏறியது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதாவது 'பழங்கால இத்தாலிய இனிப்பு' என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கும் இது, இப்போதைய வடிவத்தில் ஒரு அரை நூற்றாண்டுச் சங்கதிதான். ஆதோ கம்பெயோல் 2021-இல் தன் 93-ஆவது வயதில் காலமானார். லிங்குவனோத்தோ 2024-இல் மறைந்தார். கம்பெயோல் குடும்பம் இந்தச் செய்முறைக்குக் காப்புரிமை எதுவும் வாங்கி வைக்கவில்லை. அதனால்தான் இது இவ்வளவு தடையில்லாமல் உலகம் முழுக்கப் பரவியது.

அதற்கு முன்பே திரெவீசோ பக்கம் 'ஸ்பதுதின்' என்று ஒன்று உண்டு. முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு சேர்த்து வெளுக்கிற வரை அடித்துக் கொடுப்பார்கள். உடம்பு தேறுகிறவர்களுக்கும், பிள்ளை பெற்ற பெண்களுக்கும் தெம்பு வரக் கொடுப்பது. தனக்குப் பிரசவம் ஆன சமயத்தில் மாமியார் கொடுத்த அப்படியொரு சத்துணவிலிருந்துதான் யோசனை பிறந்தது என்று ஆல்பா சொல்லியிருக்கிறார். பெயரும் அதற்கேற்றதுதான். 'டிராமிசு' என்றால் 'என்னைத் தூக்கி விடு' என்று பொருள். நாம் பத்தியக் குழம்பையும் லேகியத்தையும் எந்த மனதோடு கொடுக்கிறோமோ, அந்த மனதில் பிறந்த இனிப்பு இது. எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்து மாநிலமான ஃப்ரியூலி வெனெசியா ஜூலியாவும் உரிமை கோருகிறது. டோல்மெட்ஸோ என்ற மலையூரில் ஹோட்டல் ஒன்றை நடத்திய நோர்மா பியெல்லி 1950களிலேயே இதைச் செய்துவந்தார் என்பது அவர்கள் வாதம். 2017-இல் இத்தாலிய வேளாண் அமைச்சகம் தன் பாரம்பரிய உணவுப் பட்டியலில் டிராமிசுவை ஃப்ரியூலியின் பெயரில் சேர்த்தது. வெனெட்டோவில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சண்டை இன்னும் முடியவில்லை.

செய்யப்போகிற நமக்கு இதைவிட முக்கியமான ஒரு தகவல் இருக்கிறது. 2010-இல் இத்தாலிய சமையற்கலைக் கழகம், லெ பெக்கெரியேயின் செய்முறையை ஒரு நோட்டரி முன்னிலையில் பதிவு செய்தது. அதில் உள்ள பொருட்கள் இவ்வளவுதான்: 12 மஞ்சள் கரு, அரை கிலோ சர்க்கரை, 1 கிலோ மஸ்கார்போனே, 60 சவோயார்டி பிஸ்கட், தேவையான அளவு காபி, கோகோ தூள். மது கிடையாது. வெள்ளைக் கரு கிடையாது. வெனிலா கிடையாது. அடித்த க்ரீமும் கிடையாது. ரம், மார்சாலா ஒயின் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. முதல் தடவை செய்கிறவர்கள் இந்த ஆறு பொருளோடு நின்றுகொள்ளுங்கள். சேர்க்கிற ஒவ்வொரு திரவமும் கூடுதல் ஈரம்.

வீட்டுக்கு வேண்டிய அளவு

6 முதல் 8 பேர் சாப்பிட: 4 மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை, 400 கிராம் மஸ்கார்போனே, 24 சவோயார்டி (200 கிராம் பாக்கெட் ஒன்றில் ஏறக்குறைய இவ்வளவு இருக்கும்), 300 மில்லி திடமான காபி, 2 மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோ தூள், ஒரு சிட்டிகை உப்பு. பதிவு செய்த செய்முறையை மூன்றால் வகுத்தால் சர்க்கரை 165 கிராமுக்கு மேல் வரும். எனக்கு அது திகட்டுகிறது, அதனால் குறைத்திருக்கிறேன். உப்பு என் சேர்க்கை. பாத்திரம் 20 சென்டிமீட்டருக்கு 22 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் இரண்டு அடுக்கு அளவாக உட்காரும். கண்ணாடிப் பாத்திரமானால் நல்லது. அடியில் காபி தேங்குகிறதா என்று வெளியிலிருந்தே தெரிந்துவிடும்.

மஸ்கார்போனே

இதில் அவசரப்படாமல் நேரம் செலவிடுங்கள். மொத்த இனிப்பும் இதன் மேல்தான் நிற்கிறது.

மஸ்கார்போனேயைச் சீஸ் என்று விற்றாலும், செய்கிற விதத்தில் அது மற்ற சீஸ்களோடு சேராது. உறைமோர் கிடையாது, பாலைத் திரட்டும் ரென்னெட் என்ற நொதியும் கிடையாது. லொம்பார்டி மாநிலத்தில், லோடி ஊரைச் சுற்றியுள்ள பால் வளம் மிக்க பகுதியில் பிறந்தது இது. பாலின் கொழுப்பான க்ரீமை 85 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி, அதில் சிட்ரிக் அமிலமோ டார்டாரிக் அமிலமோ எலுமிச்சைச் சாறோ சிறிது சேர்ப்பார்கள். க்ரீம் கெட்டிப்படும். அதைத் துணியில் கட்டித் தண்ணீரை வடிய விடுவார்கள். அவ்வளவுதான். எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் கொழுப்பு இருக்கும். அந்தக் கொழுப்புதான் குளிர்ந்ததும் இறுகி அடுக்கைத் தாங்கிப் பிடிக்கிறது.

டப்பாவில் வாங்கினால், திறந்ததும் முதலில் மேலே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கலக்காமல் சாய்த்து ஊற்றிவிடுங்கள். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர்தானே என்று விடாதீர்கள்.

கிடைக்கவில்லை, அல்லது விலை கட்டுப்படியாகவில்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். 400 கிராம் கிடைக்க 600 மில்லி க்ரீம் எடுத்துக்கொள்ளுங்கள். க்ரீம் தேர்வு செய்வதில் கவனம் வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சமையல் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அது போதாது, 35 சதவீதமாவது வேண்டும். கேக் அலங்காரத்துக்கு விற்கும் தாவரக் கொழுப்பு க்ரீம் இதற்கு ஆகவே ஆகாது, அது பாலே இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் க்ரீமை ஊற்றி, சிறு தீயில் கிளறிக்கொண்டே 85 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானி இல்லையென்றால், ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ் வந்து ஆவி நன்றாகப் பறக்கும் கட்டம், கொதிப்பதற்குச் சற்று முன். ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, அதே சூட்டில் ஐந்து நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். இந்த இடத்தில் புதியவர்கள் பயந்துபோவார்கள். பன்னீருக்குப் பால் திரிகிற மாதிரி இது திரியாது. கட்டி வேறு, தண்ணீர் வேறு என்று பிரியாது. கரண்டியின் பின்பக்கம் பாயசம் மாதிரி படியும், விரலால் கோடு போட்டால் கோடு நிற்கும். அதுதான் பதம். திரியவில்லையே என்று மேலும் எலுமிச்சை விட்டால் புளித்துவிடும். இறக்கி, நன்றாக ஆறவிட்டு, நாலு மடிப்பு மல் துணி விரித்த வடிகட்டியில் ஊற்றி, கீழே கிண்ணம் வைத்து ஃப்ரிட்ஜில் ஒரு இரவு முழுக்க வையுங்கள். கிண்ணத்தில் கொஞ்சம்தான் தண்ணீர் இறங்கியிருக்கும். அந்தக் கொஞ்சம் இறங்குவதற்குத்தான் இரவு முழுக்கக் காத்திருக்கிறோம். கெட்டித் தயிரையோ க்ரீம் சீஸையோ இதற்குப் பதிலாக வைக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. செய்து பார்த்தேன். ஒன்று புளிக்கிறது, மற்றொன்று உப்புக் கரிக்கிறது. டிராமிசுவில் புளிப்புக்கு இடமே இல்லை.

பிஸ்கட்டும் காபியும்

சவோயார்டி என்பது சவோய் அரச குடும்பத்தின் பெயரால் வந்த பிஸ்கட். விரல் நீளத்துக்கு, காற்று நிறைந்து, மேலே சர்க்கரை தூவி, நன்றாக உலரச் சுட்டிருப்பார்கள். கடையில் லேடிஃபிங்கர் பிஸ்கட் என்ற பெயரிலும் வரும். ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். 'டக்' என்று சத்தத்தோடு ஒடிய வேண்டும். பஞ்சுக் கேக் மாதிரி வளைந்தால் அது மென்மையான வகை, காபி பட்ட நொடியில் கரைந்துவிடும். வேறு வழியில்லை என்றால் அவற்றைத் தட்டில் பரப்பி, 100 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைத்து உலர்த்திக்கொள்ளலாம். வீட்டிலேயே சுடுகிறவர்களும் கடைசியில் இப்படி உலர்த்தாமல் பயன்படுத்தக் கூடாது. இத்தாலியிலேயே பல வீடுகளில் பவெசினி என்ற இன்னும் மெல்லிய பிஸ்கட்டைப் பயன்படுத்துகிறார்கள். அது வேறு கணக்கு, தொட்டு எடுத்தாலே போதும்.

காபிக்கு இத்தாலிய வீடுகளில் மோக்கா என்ற கெண்டிதான். அல்ஃபோன்சோ பியலெத்தியின் பெயரோடு 1933 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கீழே தண்ணீர், நடுவே தூள், ஆவியின் அழுத்தத்தில் காபி மேல் அறைக்கு ஏறும். எஸ்பிரெசோ இயந்திரம் உள்ளவர்கள் அதில் எடுத்து, கொஞ்சம் சுடுநீர் விட்டுக்கொள்ளலாம். நம் வீட்டு ஃபில்டரில் இறங்கும் டிகாக்‌ஷனும் அருமையாகப் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: சிக்கரி கலக்காத தூளாக இருக்க வேண்டும். சிக்கரியின் கருகல் கசப்பு கோகோவின் கசப்போடு சேர்ந்தால் கடுமையாகிவிடும். முதல் டிகாக்‌ஷன் மிகவும் கெட்டியாக இருந்தால் கால் பங்கு சுடுநீர் சேர்த்து 300 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். காபியில் சர்க்கரை வேண்டாம். க்ரீமில் இருக்கிற இனிப்பை வெட்டுவதற்குத்தான் இந்தக் கசப்பு.

எந்தக் காபியானாலும் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான காபி பிஸ்கட்டுக்குள் மிக வேகமாக ஏறும், மேலே போடும் க்ரீமையும் இளக்கிவிடும். அதனால் வேலையைத் தொடங்கும்போதே முதலில் காபியைப் போட்டு அகலமான தட்டில் ஊற்றி வைத்துவிடுங்கள்.

முட்டை

மூலச் செய்முறையில் மஞ்சள் கரு பச்சையாகத்தான் போகிறது. இத்தாலியில் இன்றும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுகிற வீட்டில் அந்த ஆபத்து எதற்கு? வேக வைப்பதால் இன்னொரு லாபமும் இருக்கிறது. சூட்டில் மஞ்சள் கரு கெட்டிப்பட்டு, க்ரீம் தளராமல் நிற்கும்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்துக் கொதிக்க விட்டு, தீயைக் குறையுங்கள். மேலே உட்காரும் எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சள் கரு, சர்க்கரை, உப்பு. கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் பட வேண்டும். அடுப்பில் வைப்பதற்கு முன்பே ஒரு நிமிடம் அடித்துவிடுங்கள். சர்க்கரையையும் மஞ்சள் கருவையும் சேர்த்து அப்படியே விட்டால் கரு ஆங்காங்கே வறண்டு குறுணை கட்டும், பிறகு கரையாது.

இப்போது ஆவியில் வைத்து, கையை நிறுத்தாமல் முட்டை அடிக்கும் கம்பியால் அடியுங்கள். முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு ஆரஞ்சு நிறம் மெல்ல வெளுத்து எலுமிச்சை மஞ்சளாகும். பெரிய குமிழ்கள் மறைந்து நுரை நெருக்கமாகும். ஆறேழு நிமிடத்தில் கம்பியைத் தூக்கினால் கலவை ரிப்பன் மாதிரி மடிந்து விழும், விழுந்த தடம் மூன்று நொடியாவது மேலே நிற்கும். வெப்பமானி 72 டிகிரி காட்டினால் இறக்கிவிடலாம். இதற்கு வெப்பமானி வாங்குவது வீண் செலவல்ல. பாதுகாப்பைக் கண்ணால் அளக்க முடியாது. சூடு 80-ஐத் தாண்டினால் முட்டைப் பொரியல் வாசனை வரும், கட்டி தட்டும்.

இறக்கிய கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, அவ்வப்போது கிளறி அறைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். புறங்கையில் ஒரு துளி வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. தண்ணீர்த் துளி உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டை வேண்டாம் என்கிறவர்கள், 200 மில்லி கொழுப்பு மிகுந்த க்ரீமை 80 கிராம் சர்க்கரையோடு மென்மையாக நிற்கும் அளவுக்கு அடித்துச் சேர்க்கலாம். ருசி வேறாக இருக்கும், ஆனால் நன்றாகவே இருக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், சவோயார்டியிலேயே முட்டை இருக்கிறது. முட்டை அறவே சேர்க்காதவர்களுக்கு இதைப் பரிமாறிவிடாதீர்கள்.

கலப்பது

மஸ்கார்போனேயைக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ரப்பர் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்தி, கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை. மின்சார பீட்டர் வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். மஸ்கார்போனேயில் கொழுப்பு அவ்வளவு அதிகம். வேகமாக அடித்தால் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெண்ணெயாகத் திரளும், உள்ளே இருந்த தண்ணீர் தனியாகப் பிரியும். தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே வேலைதான் நடக்கிறது, நமக்கு வேண்டாத நேரத்தில்.

திரளப்போவதற்கு முன் ஒரு அறிகுறி தெரியும். பளபளப்பு போய் மேற்பரப்பு மங்கும், ஓரத்தில் ரவை மாதிரி பொடிப்பொடியாகத் தென்படும். கண்டவுடன் கையை நிறுத்துங்கள். இரண்டு மேசைக்கரண்டி க்ரீமை வெதுவெதுப்பாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கலந்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். மஞ்சளாகத் தண்ணீர் பிரிந்து நின்றுவிட்டால் மீட்க முடியாது.

குழைத்த மஸ்கார்போனேயில் முட்டைக் கலவையை மூன்று தவணையாகச் சேருங்கள். முதல் தவணையைத் தாராளமாகக் கலக்கலாம், மஸ்கார்போனே இளகுவதற்காக. அடுத்த இரண்டையும் கரண்டியை அடியில் விட்டு, மேலே தூக்கி, மடித்துப் போடுகிற மாதிரி கலக்க வேண்டும். நுரையில் உள்ள காற்று போகக் கூடாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் சுலபமாகச் சேரும். முடிந்ததும் கரண்டியில் அள்ளித் தலைகீழாகப் பிடித்தால் உடனே வழியக் கூடாது. தளர்வாக இருந்தால் பயப்படாதீர்கள், கிண்ணத்தோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுக்கத் தொடங்குங்கள்.

தோய்த்து அடுக்குவது

காபித் தட்டு, அதற்குப் பக்கத்திலேயே அடுக்கும் பாத்திரம். இடையில் தூரம் இருந்தால் வழியெல்லாம் சொட்டும்.

பிஸ்கட்டை விரல் நுனியில் பிடித்துப் படுக்கை வாட்டில் காபியில் வையுங்கள். 'ஒன்று' என்று சொல்லுங்கள். புரட்டுங்கள். மறுபடி 'ஒன்று'. எடுத்து ஒரு தடவை உதறி, பாத்திரத்தில் வையுங்கள். இவ்வளவுதான் தோய்ப்பது. வைத்த பிறகு அது இன்னும் காய்ந்தே இருப்பது போலத் தோன்றும். தோன்றட்டும். முதல் பிஸ்கட்டைச் சோதனைக்கென்று ஒதுக்கி, நடுவில் ஒடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பழுப்பு ஏறி, நடுவில் பென்சில் தடிமனுக்கு ஒரு வெள்ளைக் கோடு மிச்சம் இருக்க வேண்டும். அந்த வெள்ளைக் கோடு மிக முக்கியம். இரவு முழுக்கக் க்ரீமிலிருந்தும் சுற்றியுள்ள பிஸ்கட்டிலிருந்தும் வரும் ஈரத்தை அதுதான் குடித்துக்கொள்ளும். காலையில் கோடு காணாமல் போயிருக்கும், பிஸ்கட் கேக் மாதிரி மென்மையாகியிருக்கும், அடியில் ஒரு சொட்டு தேங்காது. நடுவரை ஊறிய பிஸ்கட்டுக்குக் குடிக்க இடமில்லை, அது கக்கத்தான் செய்யும்.

சமையல் தராசு இருந்தால் இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். 8 கிராம் பிஸ்கட் தோய்த்த பிறகு 18, 20 கிராம் இருந்தால் சரி. 30 வந்தால் அதிகம். தராசு இல்லாதவர்களுக்குக் காபித் தட்டே சொல்லும். 24 பிஸ்கட்டும் முடியும்போது தட்டில் கொஞ்சம் காபி மிஞ்ச வேண்டும். பாதியிலேயே காபி தீர்ந்துபோனால் கை தாமதிக்கிறது என்று அர்த்தம்.

12 பிஸ்கட்டை இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். ஓரத்தில் இடம் மிஞ்சினால் ஒடித்துச் செருகலாம். அதன் மேல் க்ரீமில் பாதி. பிஸ்கட்டை இழுத்துக்கொண்டு போகாமல், அங்கங்கே குவியலாக வைத்துவிட்டுப் பிறகு பரப்பினால் சமமாக வரும். மூலைகளை மறக்காதீர்கள். இரண்டாவது வரிசைப் பிஸ்கட்டைக் குறுக்கு வாட்டில் வைத்தால் வெட்டும்போது துண்டு நன்றாகப் பிடித்து நிற்கும். மீதிக் க்ரீமை மேலே பரப்பி, பாத்திரத்தை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். லெ பெக்கெரியேயில் இதை வட்டமாகச் செய்தார்கள். சதுரம் நம் வசதிக்கு, அவ்வளவுதான்.

காத்திருப்பது

மூடி போட்டு, அல்லது மேற்பரப்பைத் தொடாமல் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம். என் அனுபவத்தில் ஒரு இரவு முழுக்க வைத்ததற்கு ஈடு எதுவும் இல்லை. மூடாமல் வைத்தால் பக்கத்தில் இருக்கும் வெங்காய வாசனையையும் சாம்பார் வாசனையையும் க்ரீம் இழுத்துக்கொள்ளும். கொழுப்புக்கு அந்தக் குணம் உண்டு. ஃப்ரீசரில் வைத்து அவசரப்படுத்த வேண்டாம். க்ரீம் இறுகுமே தவிர, பிஸ்கட்டுக்குள் ஈரம் சமமாகப் பரவ நேரம் கிடைக்காது.

விருந்தாளிகள் சனிக்கிழமை மாலை வருகிறார்கள் என்றால், வியாழன் இரவு மஸ்கார்போனேயை வடியக் கட்டுங்கள். வெள்ளி மாலை அடுக்கி முடியுங்கள். சனிக்கிழமை உங்களுக்குக் கோகோ தூவுகிற வேலை மட்டும்தான்.

கோகோவும் வெட்டும்

கோகோ தூளைப் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் தூவ வேண்டும். முந்தின இரவே தூவினால் அது ஈரத்தைக் குடித்துக் கறுத்து, சேறு பூசிய மாதிரி ஆகிவிடும். டீ வடிகட்டியில் போட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து விரலால் தட்டித் தட்டித் தூவுங்கள். வெள்ளை தெரியாத அளவுக்கு ஒரு மெல்லிய போர்வை. பானம் கலக்க விற்கும் சாக்லேட் தூள் வேண்டாம், அதில் சர்க்கரை இருக்கிறது. முதல் வாயிலேயே உதட்டில் படும் அந்தக் கசப்புதான் அடுத்து வரும் க்ரீமை இனிப்பாகக் காட்டுகிறது. சாப்பிடும்போது மூச்சை உள்ளே இழுத்தால் தூள் தொண்டையில் ஏறும் என்று குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

வெட்டக் கத்தியைச் சுடுநீரில் முக்கித் துடைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படியே. முதல் துண்டு எப்போதும் கொஞ்சம் உடையும். ஒரு மூலையில் சிறிதாக வெட்டி, அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த துண்டின் பக்கவாட்டைப் பார்த்தால் பழுப்பு, வெள்ளை, பழுப்பு, வெள்ளை என்று நான்கு வரி தெளிவாகத் தெரிய வேண்டும். வெள்ளையில் காபி ஒழுகிக் கோடுகள் இறங்கியிருந்தால், அடுத்த தடவை தோய்க்கும்போது 'ஒன்று' என்பதைக் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பழுப்பு அடுக்கு பல்லில் கடிபட்டால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். வெளியே அரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். நம் ஊர் வெயிலில் க்ரீம் இளகுவது மட்டுமல்ல, பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் என்பதால் சீக்கிரம் கெடும். இரண்டாம் நாள் காலையில் மீதி இருந்தால் பாத்திரத்திலிருந்தே கரண்டியால் எடுத்துச் சாப்பிடலாம். என் வீட்டில் அதுவரை மீந்ததில்லை.